காதடைப்பான் அணிந்தும் இரைகிறதா, வலிக்கிறதா, கழல்கிறதா? மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்குக் குறிகளின் வழியே பிழை நீக்கும் முறை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்பவர்களில் பலர் காதடைப்பானை, அதாவது கடைகளில் இயர் பிளக் என்று கேட்டு வாங்கும் பொருளை, ஒருமுறை அணிந்து பார்த்துவிட்டு, வலிக்கிறது என்றோ, கழன்று வருகிறது என்றோ, ஹாரன் கேட்கவில்லை என்றோ சொல்லிக் கைவிட்டுவிடுகிறார்கள். இந்தக் குறைகளில் மிகப் பெரும்பாலானவை திருத்தக்கூடியவை. அந்தக் காதுக்கு அந்த அளவோ வடிவமோ ஒவ்வாததால் அவை வருகின்றன, அல்லது அணியும் முறை சரியில்லாததால் வருகின்றன. ஓசைக் குறைப்பைக் காட்ட அட்டையில் அச்சிட்ட டெசிபெல் எண் எவ்வளவு பெரியது என்பதை விட, காதுக் குழாயின் சுவரோடு இடைவெளியின்றி அது படிந்திருக்கிறதா என்பதே பயனை முடிவு செய்கிறது. எனவே சிறந்த வகை இன்னது என்று பட்டியலிடாமல், ஓட்டுபவர் உணரும் குறியிலிருந்து தொடங்கி, காரணத்தைக் கண்டு, அதற்கேற்ப அணியும் முறையையோ வகையையோ மாற்றிக்கொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு காப்பு தேவை

ஓட்டுபவரின் காதைக் கெடுப்பது பெரும்பாலும் எஞ்சினோ சைலன்சரோ அல்ல, ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்று. ஏறத்தாழ 65 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் காற்றின் இரைச்சல் வண்டியின் ஓசையை மிஞ்சிவிடுகிறது. ஹெல்மெட்டுக்குள் காதருகே அளந்தபோது, 60 கி.மீ. வேகத்தில் 90 டெசிபெல்லை ஒட்டியும் 160 கி.மீ. வேகத்தில் 110 டெசிபெல்லை ஒட்டியும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹெல்மெட் இதைத் தடுத்துவிடும் என்று நம்புவது சரியல்ல. அது கூர்மையான மேல் ஓசைகளை ஓரளவு குறைக்கிறதே தவிர, காற்று எழுப்பும் தாழ்ந்த சுருதி கொண்ட இரைச்சலைப் பெரிதாகக் குறைப்பதில்லை.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபெல் ஓசையை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் வரையறுத்துள்ளது. அந்தக் கணக்கில் 94 டெசிபெல்லுக்கு 1 மணி நேரம், 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம். நம் நாட்டில் நான்குவழிச் சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு 2018ஆம் ஆண்டு அறிவிக்கை அனுமதிக்கும் உச்ச வேகம் 80 கி.மீ. அந்த வேகத்தைத் தாண்டாமல் சென்றாலும் ஹெல்மெட்டுக்குள் 95 டெசிபெல்லை ஒட்டி இரையும். சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிப் புறப்படுபவருக்கு, வேலூரைத் தொடும் முன்பே அன்றைய அளவு தீர்ந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது மெய்யாகவே காதில் கிடைக்கும் 20 முதல் 25 டெசிபெல் குறைப்பு. 100 டெசிபெல்லை 75க்கும் 80க்கும் இடையே கொண்டுவந்தால் போதும். அதற்கு மேல் அடைப்பதால் வரும் தொல்லைகளைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டையில் இருப்பது வேறு எண். அமெரிக்க முறையில் என்.ஆர்.ஆர். என்றும் ஐரோப்பிய முறையில் எஸ்.என்.ஆர். என்றும் இரண்டு அளவுகள் அச்சிடப்படுகின்றன. ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிட்டு வாங்கக் கூடாது. 3எம் நிறுவனத்தின் 1100 என்ற ஆரஞ்சு நிற ஃபோமுக்கும் (உருட்டிச் செருகினால் காதுக்குள் விரியும் மென்பஞ்சு வகை) அதே நிறுவனத்தின் இ-ஏ-ஆர் கிளாசிக் என்ற மஞ்சள் ஃபோமுக்கும் என்.ஆர்.ஆர். 29தான். ஆனால் எஸ்.என்.ஆர். கணக்கில் முன்னது 37, பின்னது 28. இரண்டு எண்களும் ஆய்வகத்தில் முறையாக அணிந்து பெற்றவை என்பதால் சாலையில் அவ்வளவும் கிடைப்பதில்லை. நியோஷ் நிறுவனமே, உருட்டி அணியும் ஃபோம் வகைக்கு அட்டை எண்ணில் பாதியையும், மற்றக் காதடைப்பான்களுக்கு 30 விழுக்காட்டையும் மட்டும் கணக்கில் எடுக்கச் சொன்னது. முறையாக அணியக் கற்றுக்கொண்டவருக்கு இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அந்தப் பழக்கம் வரும் வரை, பெரிய எண்ணை நம்பி வாங்குவதில் பயனில்லை.

எந்தக் குறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

ஃபோம் வகையை அணியும்போது, உலர்ந்த தூய விரல்களால் அதை மடிப்போ சுருக்கமோ விழாமல் மெல்லிய குச்சி அளவுக்கு உருட்ட வேண்டும். நசுக்கி மடித்தால், விரியும்போது அந்த மடிப்பே இரைச்சல் நுழையும் வழியாகிவிடும். காதுக் குழாய் நேராக இல்லாமல் வளைந்திருப்பதால், எதிர்ப்புறக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால்தான் அது நேராகும். அந்த நிலையில் உருட்டியதைத் தாமதமின்றி உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 30 விநாடி வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பலர் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான். உடனே கையை எடுத்துவிட்டால் ஃபோம் விரியும்போது தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்கிறது.

பிறகு கண்ணாடியில் பாருங்கள். நேர் எதிரே நின்று பார்க்கும்போது அதன் முனை வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் அது உள்ளே போகவில்லை. காது வாயிலின் முன்னுள்ள குருத்தெலும்புக்கு உள்ளடங்கி இருக்க வேண்டும். அடுத்து, மிக்சியோ வேறு இரையும் பொருளோ ஓடும்போது இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தி எடுத்துப் பாருங்கள். பொத்தும்போது ஓசை மேலும் தெளிவாகக் குறைந்தால், காதடைப்பான் இடைவெளி விட்டிருக்கிறது. பொத்தினாலும் எடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லையென்றால் சரியாகப் படிந்திருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவும் இல்லை, நேரமும் ஆகாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் செய்வது நல்லது. கீழே வரும் குறிகளில் பாதியை இதுவே தீர்த்துவிடும்.

வண்டியை விட்டு இறங்கிய பின் காதில் ரீங்காரம் கேட்கிறது, பேச்சு மங்கலாகக் கேட்கிறது

இது எச்சரிக்கை. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் களைத்துப்போயிருப்பதன் அடையாளம் இது. சில மணி நேரத்தில் தெளிந்துவிடுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த உயிரணுக்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. காதடைப்பான் அணிந்தும் இந்தக் குறி வந்தால் மூன்று இடங்களில் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலாவது, மேலே சொன்ன உள்ளங்கைச் சோதனையில் தோற்கிறதா என்பது. தோற்றால் அணியும் முறையைத் திருத்துங்கள். திருத்தியும் தோற்றால் அளவு பொருந்தவில்லை. அகன்ற காதுக் குழாய்க்குச் சிறிய ஃபோம் முழுதாக விரிந்த பிறகும் சுவரைத் தொடாது. ஒடுங்கிய குழாய்க்குப் பெரிய ஃபோம் ஆழம் போகாமல் வாயிலிலேயே நின்றுவிடும். எடுத்தவுடன் ஃபோமைப் பாருங்கள். நுனிப்பகுதி மட்டும் நசுங்கி அடிப்பகுதி முழு அளவில் இருந்தால் ஆழம் போதவில்லை. எங்குமே நசுங்கவில்லை என்றால் அது உங்கள் காதுக்குச் சிறியது.

இரண்டாவது, எவ்வளவு நேரம் அணிந்திருந்தீர்கள் என்பது. இதன் கணக்கு பலருக்கும் வியப்பளிக்கும். 30 டெசிபெல் காக்கும் ஒன்றைப் பயணத்தின் பாதி நேரம் மட்டும் அணிந்தால், மொத்தப் பயணத்துக்குக் கிடைக்கும் காப்பு 15 அல்ல, வெறும் 3 டெசிபெல். ஒரு மணி நேரத்தில் 6 நிமிடம் மட்டும் அணியாமல் விட்டாலும், எவ்வளவு சிறந்த காதடைப்பானாக இருந்தாலும் காப்பு 10 டெசிபெல்லைத் தாண்டாது. தேநீருக்கு நிறுத்திய இடத்தில் கழற்றிவிட்டு, அடுத்த ஊர் வரைக்கும்தானே என்று அணியாமல் கிளம்புவது அதுவரை காத்ததையெல்லாம் வீணாக்குகிறது.

மூன்றாவது, நீங்கள் அணிந்திருப்பது காதடைப்பானே அல்லாமல் இருக்கலாம். பஞ்சுருண்டை சில டெசிபெல்லுக்கு மேல் எதையும் தடுக்காது. நீச்சலுக்கும் உறக்கத்துக்கும் விற்கப்படும், பிசைந்து காது வாயிலில் ஒட்டும் வகை, ஹெல்மெட்டின் உள்ளுறை உரசியதும் பெயர்ந்துவிடும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் அதிகம்

ஒரே மனிதரின் இரு காதுக் குழாய்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடக் காதில் அணிவது கைக்கு ஒவ்வாமல் போவதும் உண்டு. இரு காதடைப்பான்களையும் இடம் மாற்றி அணிந்து பாருங்கள். இரைச்சல் அதே காதில் நின்றால் காது அல்லது கை காரணம். அந்தக் காதுக்கு மட்டும் வேறு அளவை அணிவதில் தவறேதும் இல்லை. இரைச்சல் மறுகாதுக்கு மாறினால் அந்தக் காதடைப்பான் பழுதாகிவிட்டது. ஹெல்மெட்டின் வைசர் ஒரு பக்கம் சரியாக மூடாமல் மெல்லிய இடுக்கு விட்டாலும் அந்தப் பக்கம் சீறும், அதையும் பாருங்கள்.

கூர்மையான ஓசை போய்விட்டது, தடதடவென்ற தாழ்ந்த இரைச்சல் மட்டும் போகவில்லை

இந்தக் குறிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. காதில் சிறிய இடைவெளி இருந்தால் முதலில் நுழைவது தாழ்ந்த ஓசையே. ஆகவே உள்ளங்கைச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். அதில் தேறினால் குறை காதில் இல்லை, ஹெல்மெட்டில் மோதும் காற்றில் இருக்கிறது.

வண்டியின் முன்புறக் காற்றுத்தடுப்பின் விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல் நேராக ஹெல்மெட்டில் வந்து மோதும்போது தலையே அதிரும். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், வேகத்தை மாற்றாமல், சற்றுக் குனிந்தும் பிறகு நிமிர்ந்தும் பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் அந்தத் தடதடப்பு சட்டென அடங்கினால், காற்றுத்தடுப்பின் உயரத்தையோ சாய்வையோ மாற்ற வேண்டும். உயரமான காற்றுத்தடுப்பு எப்போதும் அமைதி தரும் என்பது உண்மையல்ல. காற்று மார்பில் மோதினாலும் தலைக்குச் சுழல் வராத தாழ்ந்த காற்றுத்தடுப்பு பலருக்கு நன்றாக ஒத்துவருகிறது.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட காற்றுச்சுரங்க ஆய்வு, ஹெல்மெட்டின் அடிப்பகுதியும் தாடைப் பட்டையின் கீழ்ப்புறமும் இரைச்சலின் முக்கிய ஊற்று என்று காட்டியது. அந்த இடைவெளியை அடைக்கும் தாடைத் திரையும் கழுத்துத் துணியும் கழுத்தைச் சுற்றிப் படியும் உள்ளுறையும் விலை குறைந்த தீர்வுகள். முகம் திறந்த ஹெல்மெட் அணிபவருக்கு இந்த வழி இல்லை. அவருக்கு ஃபோம் வகையின் முழுக் காப்பே வேண்டியிருக்கும்.

அரை மணி நேரத்தில் காது வலிக்கத் தொடங்குகிறது

வலி எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். குழாய்க்குள் சுற்றிலும் அழுத்துவது போன்ற வலி என்றால் ஃபோம் பெரியது, அல்லது அது விரியும் விசை அதிகம். அப்போது அளவில் சிறியதும், மெதுவாக விரிவதும், நுனி குறுகிய வடிவம் கொண்டதுமான மென்மையான பாலியூரித்தேன் ஃபோமுக்கு மாறுங்கள். எடுத்துக்காட்டாக, ஹோவர்ட் லைட் மேக்ஸ் என்பது எஸ்.என்.ஆர். 37 கொண்டது, அதே நிறுவனத்தின் மேக்ஸ் லைட் 34 கொண்டது, மென்மையானது, குறைந்த அழுத்தம் தருவது. காகிதத்தில் 3 டெசிபெல் இழப்புதான். ஆனால் வலியால் பாதி வழியில் கழற்றிவிடும் 37ஐ விட, கடைசி வரை அணிந்திருக்கும் 34 எவ்வளவோ மேல்.

காது வாயிலில் குத்துவது போன்ற வலி என்றால், காதடைப்பானின் வெளிமுனையை ஹெல்மெட்டின் உள்ளுறை உள்ளே தள்ளுகிறது. மூன்று விளிம்புகள் அடுக்காக அமைந்த சிலிக்கோன் வகையின் நீண்ட காம்பு இந்தத் தொல்லையை அடிக்கடி தரும். கயிறு கோத்த வகையில் கயிறு தொடங்கும் முடிச்சும் தரும். கயிறில்லாததையும், வெளிமுனை காது மடலின் குழிக்குள் அடங்கிவிடுவதையும் தேர்ந்தெடுங்கள். ஆலைகளுக்கென்று செய்யப்பட்ட வகைக்கும் ஓட்டுபவர்களுக்கென்று விற்கப்படும் வகைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுதான். ஆலையில் காதின் மேல் ஹெல்மெட் அழுத்துவதில்லை.

மூக்குக்கண்ணாடியின் கம்பி காதின் பின்னால் அழுத்துவதால் வரும் வலியைக் காதடைப்பானின் வலி என்று எண்ணி ஏமாறவும் வாய்ப்புண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓட்டாமல், ஹெல்மெட்டோடு சற்று நேரம் அமர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ஹெல்மெட் மாட்டும்போதே வெளியே வந்துவிடுகிறது

ஹெல்மெட்டின் இரு நாடாக்களையும் பிடித்து அதன் அடித்திறப்பை நன்றாக அகலப்படுத்தி, உள்ளுறை காதைத் தொடாமல் தலைக்கு மேலிருந்து நேராக இறக்குங்கள். இறங்கிய பின் அதைப் பக்கவாட்டில் அசைத்துச் சரிசெய்வதை இயன்றவரை தவிருங்கள். காது மடல் மடிந்துகொள்வதே காதடைப்பானை இழுத்துவிடுகிறது. தலையோடும் காதோடும் ஒட்டிப் படியும் மெல்லிய துணித் தலையுறையைக் காதடைப்பானை அணிந்த பிறகு போட்டுக்கொண்டால் மடல் மடியாது, வியர்வையும் உறிஞ்சப்படும். இவ்வளவு செய்தும் வெளிவந்தால், சிலிக்கோன் காம்பு வகையை விட்டு, உள்ளே முழுதும் அடங்கும் ஃபோமுக்கு வாருங்கள்.

அணியும்போது சரியாக இருக்கிறது, போகப் போக நழுவி வருகிறது

தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறுகிறது. சூயிங் கம் மெல்பவருக்கும், ஹெல்மெட்டில் பொருத்திய பேச்சுக் கருவியான இண்டர்காமில் இடைவிடாமல் பேசுபவருக்கும் ஆழமில்லாத காதடைப்பான் நழுவுவது இயல்பு; ஆழத்தைக் கூட்டுவதே தீர்வு. குளித்து முடித்த ஈரக் காதில் அணிவதும் நழுவச் செய்யும்.

நம் பக்கத்தில் காதுக்கு எண்ணெய் விடும் பழக்கம் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. எண்ணெய் பூசிய குழாய்ச் சுவரில் எந்தக் காதடைப்பானும் பிடித்து நிற்காது. காதுக்கு அது தேவையும் இல்லை; குறும்பி தானாகவே வெளியேறும் இயல்புடையது. பயணத்தை ஒட்டிய நாள்களிலாவது எண்ணெய் விடுவதைக் கட்டாயம் தவிருங்கள்.

சொந்தக் குரல் பீப்பாய்க்குள் பேசுவது போல முழங்குகிறது, மூச்சும் விழுங்கும் ஓசையும் பெரிதாகக் கேட்கின்றன

பேசும்போது எலும்பு வழியாகக் காதுக் குழாய்க்கு வரும் தாழ்ந்த அதிர்வு, காது வாயில் திறந்திருந்தால் வெளியே போய்விடும். அடைத்திருந்தால் உள்ளேயே தங்கி முழங்கும். வாயிலின் அருகே ஆழமின்றி அடைப்பவர்களுக்கே இந்த முழக்கம் மிகுதி. இதைத் தாங்காமல் இன்னும் வெளியே இழுத்துவிடுவது பலர் செய்யும் திருத்தம். செய்ய வேண்டியதோ நேர்மாறானது. எலும்பை ஒட்டிய உட்பகுதி வரை ஃபோமைச் செலுத்தினால் அதிரும் சுவரின் பரப்பு குறைந்து முழக்கமும் குறைகிறது. அப்படியும் பொறுக்கவில்லை என்றால், நடுவில் நுண்துளையும் வடிகட்டியும் கொண்ட வகை சற்று இதமாக இருக்கும்.

ஹாரனும் ஆம்புலன்ஸ் ஒலியும் கேட்காமல் போகுமோ என்ற அச்சம், அல்லது உண்மையிலேயே கேட்கவில்லை

அச்சம் மட்டும் என்றால், ஒரு செய்தியை மனத்தில் கொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஹாரனை மறைப்பது காற்றின் இரைச்சல்தான். காதடைப்பான் இரைச்சலையும் ஹாரனையும் சேர்த்தே குறைப்பதால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மிகையான ஓசையில் திணறிக்கொண்டிருந்த காது, குறைந்த ஓசையில் அந்த வேறுபாட்டை நன்றாகவே பிரித்தறிகிறது. சில நாள் பழகியவர்கள், அணிந்த பிறகுதான் பக்கத்து வண்டியின் எஞ்சின் ஓசை தெளிவாகக் கேட்கிறது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

உண்மையிலேயே கேட்கவில்லை என்றால், முதலில் எந்த வேகத்தில் என்று பாருங்கள். நகருக்குள் 30, 40 கி.மீ. வேகத்தில் காற்றின் இரைச்சல் குறைவு. அங்கே 35 டெசிபெல் வகையை அணிந்திருப்பது தேவைக்கு மிஞ்சிய அடைப்பு. நகரப் பயணத்துக்கு எதுவும் அணியாமல் இருப்பதோ, எஸ்.என்.ஆர். 20க்குள் அடங்கும் வடிகட்டி வகையை அணிவதோ என் கருத்தில் சரியானது. ஆல்பைன் மோட்டோசேஃப் போன்றவை இந்தத் தேவைக்காகவே செய்யப்படுபவை. அதில் ரேஸ் என்பது 20 டெசிபெல், டூர் என்பது 17 டெசிபெல் கொண்டு விற்கப்பட்டது. ஃபோம் மேல் ஓசைகளைத் தாழ்ந்த ஓசைகளை விட அதிகமாகக் குறைப்பதால் பேச்சும் எச்சரிக்கை ஒலியும் மங்குகின்றன. வடிகட்டி வகை எல்லா ஓசைகளையும் ஓரளவு சமமாகக் குறைக்க முயல்வதால் தெளிவு மிஞ்சுகிறது. அதற்கு விலையாகச் சில டெசிபெல் காப்பை விட்டுக்கொடுக்கிறோம். நாள் முழுக்க 100 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு 17 டெசிபெல் போதாது.

ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவர்களின் நிலை வேறு. மேல் ஓசைகளைக் கேட்க முடியாதவருக்கு ஃபோம் அணிந்த பின் ஹாரன் கேட்கும் எல்லைக்கே கீழே போய்விடக்கூடும். அவர்கள் செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டு, அதன் வரைபடத்தைக் காட்டி, செவித்திறன் வல்லுநரின் அறிவுரைப்படி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சின் ஓசையைக் கேட்டே கியர் மாற்றிப் பழகியவர், முதல் சில பயணங்களில் எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பார்த்து மாற்றிப் பழகிக்கொள்ளலாம்.

இண்டர்காமிலோ கைப்பேசியிலோ வழி சொல்லும் குரல் கேட்கவில்லை

ஒலியைக் கூட்டுவதற்கு முன் ஸ்பீக்கரின் இடத்தைப் பாருங்கள். ஹெல்மெட்டில் அதற்கென்று விட்ட குழி எல்லாருடைய காதுக்கும் நேராக அமைவதில்லை. ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தாலும் குரல் பாதியாகிவிடும். காது வாயிலுக்கு நேராக நகர்த்தி, பின்னால் ஒரு திண்டு வைத்துக் காதை மெல்லத் தொடும் அளவுக்கு முன்னே கொண்டுவாருங்கள். பிறகு ஒலி அமைப்பில் தாழ்ந்த ஓசையை (பேஸ்) குறைத்து மேல் ஓசையை (ட்ரெபிள்) கூட்டினால், ஃபோம் விழுங்கிவிடும் மெய்யெழுத்துகளின் ஓசை திரும்பக் கிடைக்கும். வடிகட்டி வகை இங்கும் உதவும்.

காதடைப்பானுக்குப் பதிலாக இசை கேட்கும் இயர்போனை அணிந்து, காற்றை மிஞ்சும் வரை ஒலியைக் கூட்டும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். 95 டெசிபெல் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்றால் பாட்டு அதைவிட உரக்க ஒலிக்க வேண்டும். அப்போது காதுக்குக் கேடு செய்வது காற்று மட்டும் அல்ல. இரைச்சலை அதற்கு நேர்மாறான ஒலியலையால் அழிக்கும் நாய்ஸ் கேன்சலிங் இயர்போன்களும், செவிக்காப்புக் கருவியாகச் சோதித்து எண் தரப்பட்டவை என்றால் ஒழிய, காதடைப்பானுக்கு ஈடாக மாட்டா.

மலை இறங்கும்போது காது அடைத்து வலிக்கிறது

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். இந்த இறக்கத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. காற்றுப்புகாமல் இறுக அடைக்கும் சிலிக்கோன் வகையை மேலே அணிந்திருந்தால், அதற்கும் செவிப்பறைக்கும் இடையே மலைமேல் இருந்த குறைந்த அழுத்தத்திலேயே காற்று சிறைப்பட்டுக் கிடக்கும். எச்சில் விழுங்கும்போது நடுச்செவியின் அழுத்தம் வெளிக்காற்றோடு சமமாகிவிடுவதால் செவிப்பறை வெளிநோக்கி உப்பி வலி கூடுமே தவிர குறையாது. வண்டியை ஓரம் நிறுத்தி, காதடைப்பானைக் கழற்றி, விழுங்கிச் சரிசெய்துகொண்டு மீண்டும் அணியுங்கள். ஃபோம் வழியே காற்று மெல்லக் கசிவதாலும், வடிகட்டி வகையில் துளை இருப்பதாலும் அவற்றில் இந்தத் தொல்லை அரிது. சளி பிடித்திருக்கும் நாளில் எந்த வகையும் வலிக்கலாம்.

கழற்றும்போது தலைசுற்றலோ சுரீர் என்ற வலியோ வருவதற்கும் அழுத்த மாற்றமே காரணம். சட்டென்று இழுக்காமல், மெல்லத் திருகி, பக்கவாட்டில் இடைவெளி உண்டாக்கிய பிறகு எடுக்க வேண்டும்.

அரிப்பு, ஈரம், நாற்றம், அடிக்கடி குறும்பி அடைப்பு

ஃபோம் கழுவிப் பயன்படுத்தும் பொருள் அல்ல. கழுவினால் விரியும் தன்மை கெட்டுவிடும். நம் வெயிலிலும் வியர்வையிலும் அது விரைவில் அழுக்கேறும். நிறம் மாறினாலோ, உருட்டியதும் பழைய வடிவுக்கு மெல்ல விரியாமல் உடனே துள்ளி விரிந்தாலோ, சுருங்கியபடியே கிடந்தாலோ எறிந்துவிடுங்கள். சிலிக்கோன் வகையை மென்மையான சோப்பு நீரில் கழுவி, முழுதும் உலர்ந்த பின்னரே பெட்டியில் இட வேண்டும். வடிகட்டி உள்ளதில் வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். பெட்ரோலும் செயின் எண்ணெயும் பட்ட கையோடு இரண்டையும் தொடக் கூடாது.

நாள்தோறும் அணிபவருக்குக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு இறுகுவது உண்டு. அதைக் குச்சியாலோ பட்ஸாலோ தோண்டினால் மேலும் உள்ளே போகும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எடுத்துவிடுவதே முறை. வலியோடு நீரோ சீழோ வடிந்தால் காதடைப்பானை முழுதும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். செவிப்பறையில் துளை உள்ளவர்களும் காதில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்த வகையையும் அணியக் கூடாது.

காது அச்சு எடுத்துச் செய்த காதடைப்பானும் சரியாகப் பொருந்தவில்லை

விலை மிகுந்தது என்பதால் இது தவறாது என்ற எண்ணம் வேண்டாம். செவித்திறன் வல்லுநர் அச்சு எடுக்கும்போது வாய் மூடியிருந்தால், பேசும்போதும் தாடை அசையும்போதும் இடைவெளி விடும் காதடைப்பானே கிடைக்கும். வாயைச் சற்றுத் திறந்த நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்கு அடியில் அணிவது என்று சொல்லி, வெளிப்புறம் மடலின் குழிக்குள் அடங்கும்படி தட்டையாகச் செய்யச் சொல்லுங்கள். வாங்கும் அன்று உங்கள் ஹெல்மெட்டையும் எடுத்துச் சென்று, மாட்டி, உள்ளங்கைச் சோதனையோடு வாயைத் திறந்து மூடியும் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே திருத்தித் தரக் கேட்கலாம். உடல் எடை கணிசமாக மாறினாலும், ஆண்டுகள் செல்லச் செல்லவும் காதின் வடிவம் மாறும் என்பதால், முன்பு நன்றாக இருந்தது இப்போது கசிகிறது என்றால் புது அச்சு எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் காதிரைச்சல் நிற்கவில்லை

மறுநாளும் ரீங்காரம் தொடர்ந்தால், அல்லது கூட்டத்தில் பேசுவது மட்டும் புரியாமல் போவது வழக்கமாகிவிட்டால், வகையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டம் கடந்துவிட்டது. செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரைச்சலால் வரும் கேடு வரைபடத்தில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பள்ளமாகத் தொடங்கும். பேச்சைக் கேட்பதில் குறை தெரியும் முன்பே இது தெரிந்துவிடும். ஒரு காது ஒரே நாளில் திடீரெனக் கேளாமல் போனால், குறும்பி அடைத்திருக்கும் என்று எண்ணி வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அதற்கான மருந்து தொடக்க நாள்களில்தான் நன்றாகப் பயன்படும் என்பதால், அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். செல்லும்போது எந்தக் காதடைப்பானை அணிகிறீர்கள், வழக்கமாக எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதை எழுதிக் கொண்டுபோங்கள்.